அப்பா போட்ட கையெழுத்து: மைனர் பிள்ளைகளின் சொத்துக்கு யார் பொறுப்பு?

வாசகர் சட்டக் கேள்விகள்

கேள்வி: கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் என் தந்தைக்கு இருந்த நன்செய்யில் பன்னிரண்டு மரக்கால் விதைப்பாட்டை, என் அக்காளுக்குத் திருமணமான மறு ஆண்டே தான செட்டில்மெண்டாக எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். அக்காள் ஆறு ஆண்டுகளுக்கு முன் உயில் ஏதும் எழுதாமல் காலமாகிவிட்டார். பத்தொன்பதரை வயதில் ஒரு மகளும் பதினான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். அத்தான் மறுமணம் செய்துகொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், தனக்காகவும் மைனர் பிள்ளைகளின் இயற்கைப் பாதுகாவலர் என்ற முறையிலும் கையெழுத்திட்டு, அந்த நிலத்தில் சரிபாதியைக் கிரயம் செய்துவிட்டார். மீதியைப் பிசான நடவுக்கு முன் மூன்று வருட ஒத்திக்கு விடப் பேசிவருகிறார். அக்காளின் வங்கி வைப்புத்தொகையை நாமினி என்று சொல்லி வாங்கிக்கொண்டார். நாங்கள் போட்டு அனுப்பிய நகைகள் இருக்குமிடம் தெரியவில்லை. கேட்டால், "என் பிள்ளைகளுக்கு நான்தான் செலவழிக்கிறேன், மச்சான் கணக்குக் கேட்கக் கூடாது" என்கிறார். எங்கள் அப்பா கொடுத்த நிலம் எங்கள் குடும்பத்துக்கே திரும்பி வராதா? இல்லையென்றால் பிள்ளைகளின் பங்கையாவது காப்பாற்ற வழி உண்டா?
— சேரன்மகாதேவி வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: முதலில் தங்களுக்குக் கசப்பாக இருக்கக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிலம் தங்கள் குடும்பத்துக்குத் திரும்பாது. செட்டில்மெண்ட் பதிவான அன்றே அது தங்கள் அக்காளின் முழு உரிமைச் சொத்தாகிவிட்டது. பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்துகூட, அந்தப் பெண் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லாமல் இறந்தால்தான் பிறந்த வீட்டுப் பக்கம் போகும் என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். இங்கே இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி மகள், மகன், கணவர் ஆகிய மூவரும் சமபங்கு வாரிசுகள். பன்னிரண்டு மரக்காலில் ஆளுக்கு நான்கு மரக்கால்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. தாய்மாமன் தொடுக்கும் வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கமாக எழுதும் முதல் வரி, "வாதிக்கு இந்தச் சொத்தின் மேல் கண்" என்பதுதான். மைனருக்காக வழக்கு நடத்துபவருக்கு மைனரின் நலனுக்கு முரணான நலன் எதுவும் இருக்கக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆம் கட்டளை சொல்கிறது. "எங்கள் அப்பா கொடுத்தது" என்ற பேச்சை வழக்கறிஞர் அறிவிப்பில் ஒரு வரி எழுதினாலும் அது பிள்ளைகளுக்கு எதிராகவே பயன்படும். அந்த எண்ணத்தைத் தாங்கள் மனதார விட்டுவிட்டால்தான் பிள்ளைகளுக்கு உதவ முடியும்.

இனி அத்தான் செய்த கிரயத்துக்கு வருவோம். தந்தை இயற்கைப் பாதுகாவலர் என்பது உண்மைதான். ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அந்தப் பதவிக்கு வேலி போட்டிருக்கிறது. மைனருக்குச் சொந்தமான அசையாச் சொத்தை விற்கவோ, அடைமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, பரிவர்த்தனை செய்யவோ வேண்டுமானால், அதற்கு முன்பே நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கும், மைனர் மேஜராகும் நாளிலிருந்து ஓராண்டுக்கு மேல் நீளும் குத்தகைக்கும் இதே விதிதான். மைனருக்கு அவசியம் அல்லது தெளிவான நன்மை இருந்தாலன்றி நீதிமன்றம் அனுமதி தராது. அனுமதியின்றி எழுதப்பட்ட பத்திரம் மைனரின் பங்கைப் பொறுத்தவரை, அவர் விரும்பினால் தவிர்க்கத் தக்கது. "வாங்கியவர் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்தார்" என்ற வாதம் இங்கே எடுபடுவது அரிது. பத்திரத்தின் முகப்பிலேயே "மைனர்" என்று எழுதியிருக்கும்போது நீதிமன்ற உத்தரவு எங்கே என்று கேட்டிருக்க வேண்டியது வாங்கியவரின் வேலை. நம் பக்கத்தில் பத்திர எழுத்தர்கள் "மைனர்களின் படிப்புச் செலவுக்காகவும் குடும்ப அவசியத்துக்காகவும்" என்ற வாசகத்தைப் பழக்கத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வாசகம் நீதிமன்ற அனுமதியின் இடத்தை நிரப்பாது.

அதே சமயம் "தவிர்க்கத் தக்கது" என்பதற்கும் "தொடக்கத்திலிருந்தே செல்லாது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் பல பிள்ளைகள் சொத்தை இழக்கிறார்கள். தவிர்க்கத் தக்க பத்திரத்தை உரிய காலத்தில் யாரும் எதிர்க்காவிட்டால் அது நிலைத்துவிடும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 60-ஆவது உறுப்புப்படி, மைனராக இருந்தவர் பதினெட்டு வயது நிறைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். கிரயத்தின்போது பதினேழரை வயதில் இருந்த தங்கள் அக்காள் மகளுக்கு, இருபத்தொன்று நிறையும் நாள் வரை, அதாவது இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. மகனுக்கு ஏழாண்டுகள் இருந்தாலும் அந்தக் கணக்கை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நீதிமன்றத்தில் பிறந்த தேதியே முதல் ஆவணமாகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதியும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு தேதியும் இருந்தால் அதை இப்போதே தங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

வழக்குத் தொடுக்காமலே, மேஜரானவர் தன் செய்கையால் அந்தப் பத்திரத்தை நிராகரிக்கலாம் என்று 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியதைச் செய்தியில் படித்திருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அந்த நிராகரிப்பும் ஐயத்துக்கு இடமில்லாததாகவும் அதே காலவரம்புக்குள்ளும் இருக்க வேண்டும். மேலும், அந்த நிலத்தில் கார் சாகுபடியும் பிசானமும் இப்போது வாங்கியவர் கையில் நடக்கும்போது, நிலத்தைத் திரும்பப் பெற எப்படியும் நீதிமன்றப் படி ஏறத்தான் வேண்டும்.

ஆகவே என் யோசனை ஒரே வழக்கு. நிலம் அமைந்துள்ள எல்லைக்குரிய உரிமையியல் நீதிமன்றத்தில் மகள் முதல் வாதியாகவும், மகன் இரண்டாவது வாதியாகவும் தொடுக்க வேண்டும். மைனரான மகனுக்கு நெருங்கிய நண்பர், அதாவது மைனருக்காக வழக்கு நடத்துபவர், என்ற சட்டப் பொறுப்பைத் தாங்கள் ஏற்பதைவிட அவனுடைய அக்காளே ஏற்பது நல்லது. மேஜராகிவிட்ட சகோதரிக்கு அதில் தடையேதும் இல்லை, தங்கள் மேல் வரக்கூடிய பழியும் இல்லாமல் போகும். தாங்கள் சாட்சியாக இருங்கள். அந்த இடத்தில்தான் தங்களுக்கு மதிப்பு அதிகம். கிரயப் பத்திரம் பிள்ளைகளின் மூன்றில் இரண்டு பங்கைக் கட்டுப்படுத்தாது என்று அதை நீக்கறவு (ரத்து) செய்யவும், பாகப்பிரிவினை செய்து தனிச் சுவாதீனம் (கைவசம்) தரவும், மீதி நிலத்தில் புதிய வில்லங்கம் ஏற்படுத்தாமல் தந்தைக்கு நிரந்தரத் தடை விதிக்கவும், இத்தனை ஆண்டு விளைச்சலுக்குக் கணக்குத் தரவும் ஒரே வழக்கில் கேட்கலாம். கோரிக்கைகளை எழுதும் விதத்தைப் பொறுத்து நீதிமன்றக் கட்டணம் மாறும் என்பதால் அதை அனுபவமுள்ள வழக்கறிஞரிடமே விடுங்கள்.

இங்கே ஒரு கணக்கைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அத்தானுக்கு உரியது நான்கு மரக்கால். அவர் விற்றது ஆறு. விற்ற பகுதியிலேயே தனக்கு விற்றவரின் பங்கை ஒதுக்கித் தர வேண்டும் என்று வாங்கியவர் பாகப்பிரிவினையில் கேட்க இடமுண்டு. நீதிமன்றம் அப்படி ஒதுக்கினால், விற்றதில் இரண்டு மரக்கால் பிள்ளைகளுக்குத் திரும்பும், மீதமுள்ள ஆறு மரக்காலும் முழுவதுமாகப் பிள்ளைகளுடையதாகிவிடும். வேறு வகையில் சொன்னால், இப்போது ஒத்திக்குப் பேசிக்கொண்டிருக்கும் நிலத்தில் அத்தானுக்கு ஒரு மரக்கால்கூட மிஞ்சாத நிலை வரலாம். இதை மத்தியஸ்தம் பேச வரும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒத்திக்குப் பணம் தர முன்வந்திருப்பவரிடமும் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். நான் பார்த்தவரையில், சட்டப் பிரிவைச் சொல்லி நிறுத்த முடியாத பேச்சை இந்தக் கணக்கு நிறுத்தியிருக்கிறது.

ஒத்தியைப் பற்றி நம் மக்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "விற்கவா செய்கிறேன், மூன்று வருடத்துக்குத்தானே" என்பார்கள். சட்டத்தின் பார்வையில் ஒத்தி என்பது சுவாதீனத்தோடு கூடிய அடைமானம். குத்தகைக்கு உள்ள ஐந்தாண்டுச் சலுகை அதற்குக் கிடையாது. ஒரே ஒரு வருட ஒத்தியானாலும் மைனர் மகனின் பங்கைப் பொறுத்தவரை முன் அனுமதி வேண்டும். மகளோ இப்போது மேஜர்; அவர் பங்கில் தந்தைக்குப் பாதுகாவலர் என்ற நிலையே முடிந்துவிட்டது, மகளின் கையெழுத்து இல்லாமல் அதைத் தொடவே முடியாது. நிலத்தை வாய்மொழியாக யாருக்காவது குத்தகைக்கு விடும் பேச்சும் நடந்தால் அதையும் எதிர்த்துவிடுங்கள். பயிரிடும் குத்தகைதாரருக்குத் தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அவரைப் பிற்பாடு வெளியேற்றுவது தனியொரு வழக்காக நீளும்.

இதில் அவசரம் ஒத்திதான் என்பதால், வழக்கோடு சேர்த்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் கட்டளையின்படி இடைக்காலத் தடை கேளுங்கள். அதற்கு முன்பே மகளின் பெயரில் வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்று தந்தைக்கும், கிரயம் வாங்கியவருக்கும், ஒத்திக்குப் பேசுபவருக்கும் போகட்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது எழுதப்படும் பத்திரம் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வதால், வாங்க வருபவரும் யோசிப்பார். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்சேப மனு கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அதோடு காரியம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். பதிவான கிரயத்தைக் குலைக்க உரிய இடம் உரிமையியல் நீதிமன்றம்தான். பட்டாவும் அப்படியே. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து வட்டாட்சியரிடம் பிள்ளைகளின் பெயரைக் கூட்டுப் பட்டாவில் சேர்க்க விண்ணப்பிப்பது பிற்காலத்துக்கு ஒரு காவல். உரிமையைத் தீர்மானிப்பது பட்டா அல்ல.

இனி வைப்புத்தொகை. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளத் தகுதியானவர், அவ்வளவே. வங்கி வைப்பைப் பொறுத்தவரை நாமினி அந்தப் பணத்துக்கு உரிமையாளராகிவிடுவதில்லை என்பது உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய ஒன்று. மூன்றில் இரண்டு பங்குக்கு அவர் பிள்ளைகளிடம் கணக்குச் சொல்ல வேண்டும். வங்கியின் மேல் சண்டைக்குப் போவதில் பயனில்லை. விதிப்படி நாமினியிடம் கொடுத்ததோடு அதன் பொறுப்பு தீர்ந்தது. அசையும் சொத்தைச் செலவிடத் தந்தைக்கு முன் அனுமதி தேவையில்லை என்றாலும், செலவு பிள்ளைகளின் நலனுக்காக இருந்திருக்க வேண்டும். நகைக்கும் இதே விதி. ஆனால் நகை வழக்குகள் ஆதாரமில்லாமல் தோற்பவை. கல்யாணப் படங்கள், நகைக்கடை ரசீது, அக்காளே எப்போதாவது அடகு வைத்திருந்தால் அதன் சீட்டு ஆகியவற்றைத் தேடி எடுங்கள். "அறுபது பவுன் போட்டோம்" என்று கூட்டிச் சொல்லாமல், காட்ட முடிந்த நகையை மட்டும் பட்டியலில் எழுதுங்கள். மிகைப்படுத்திய ஒரு வரி மற்ற வரிகளின் நம்பகத்தையும் கெடுத்துவிடும்.

அத்தானின் பதிலில் நியாயமான பகுதி ஒன்று இருக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். விற்ற பணத்தில் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டிருந்தால், பத்திரத்தை நீக்கறவு செய்யும் நீதிமன்றம் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 33-ஆம் பிரிவுப்படி, பிள்ளைகள் அடைந்த பயனைத் திருப்பித் தரச் சொல்லலாம். எனவே கட்டணம் யார், எப்போது, எந்தக் கணக்கிலிருந்து கட்டினார் என்பதை மகளிடம் நேராகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் மைனர் காலம் இருப்பதால், அவன் சொத்துக்கு வேறொரு பாதுகாவலரை நியமிக்கும்படி 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டத்தில் திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்வதும் நல்லது. ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். பையன் யாரிடம் வளர்வது என்ற கேள்வி குடும்ப நல நீதிமன்றத்துக்கு உரியது, சொத்துப் பாதுகாப்பு மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. இரண்டையும் ஒரே மனுவில் குழப்பி நாளைப் போக்கியவர்கள் உண்டு. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிரிக்கப்படாத பங்குக்கு இப்படிப் பாதுகாவலர் நியமிக்க முடியாது. இது தாய்வழி வந்த தனிப் பங்கு என்பதால் அந்தத் தடை இங்கே இல்லை. நீதிமன்றம் நியமிக்கும் பாதுகாவலரிடம் ஜாமீன் பத்திரம் கேட்கலாம், சொத்துப் பட்டியலையும் அவ்வப்போது வரவுசெலவுக் கணக்கையும் தாக்கல் செய்யச் சொல்லலாம். இயற்கைப் பாதுகாவலர் யாரிடமும் தாக்கல் செய்யாத கணக்கு அது.

காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று தாங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பலர் முதலில் அங்கேதான் போகிறார்கள். நம்பிக்கை மோசடிக்கான பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 316. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததற்குப் பழைய தண்டனைச் சட்டம் பொருந்தும். மகளின் கையெழுத்தைப் போட்டிருந்தாலோ, போலிச் சான்று காட்டியிருந்தாலோ புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். அப்படி எதுவும் இல்லாமல், பணம் போனது என்பதற்காக மட்டும் தந்தையைக் குற்றவாளியாக்கினால், அந்த வீட்டில் இருந்தே பள்ளிக்குப் போய்வரும் பதினான்கு வயதுப் பையனின் நிலையைத் தாங்கள்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மகளை நேரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் பேசச் சொல்லுங்கள். போகும்போது செட்டில்மெண்ட் பத்திரம், கிரயத்தின் சான்றிட்ட நகல், செட்டில்மெண்ட் தேதியிலிருந்து இன்று வரையான வில்லங்கச் சான்று ஆகியவை கையில் இருக்கட்டும்.

கேள்வி: என் கணவர் நாற்கரச் சாலை விபத்தில் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் தன் சம்பாத்தியத்தில் பாளையங்கோட்டை அருகே வாங்கிய வீட்டு மனையை விற்று, மூத்த மகளின் படிப்புக்கும் எங்கள் கடனுக்கும் பயன்படுத்த விரும்புகிறேன். மகள்கள் இருவரும் மைனர்கள். மாமியார் உயிரோடு இருக்கிறார். நான் தாய் என்ற முறையில் கையெழுத்திட்டால் போதும் என்று தரகர் சொல்கிறார்.
— வள்ளியூர் வாசகி

பதில்: தரகர் சொல்வதைக் கேட்டால், தங்கள் மகள்களே பின்னாளில் தங்கள் மேல் வழக்குப் போட நேரிடும். மனையில் தங்களுக்கும், இரு மகள்களுக்கும், தங்கள் மாமியாருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. மாமியார் தானே பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். மகள்களின் அரைப் பங்குக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 8-ஆம் பிரிவின் கீழ் அனுமதி மனுச் செய்யுங்கள். வழிகாட்டி மதிப்பு, வாங்குபவர் தரும் விலை, மகளின் கட்டண விவரம் ஆகியவற்றைச் சேருங்கள். தங்கள் கடனை மகள்களின் பங்கிலிருந்து அடைக்க நீதிமன்றம் ஒப்பாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தங்கள் கால் பங்கிலிருந்து அடையுங்கள். மகள்களின் தொகையை வங்கியில் வைப்பாக வைக்கும்படி உத்தரவு வரலாம். நல்ல விலை கொடுப்பவர் அந்த உத்தரவைப் பார்த்தால் தயங்க மாட்டார், கேட்டு வாங்கிப் போவார்.

விபத்து இழப்பீட்டில் மகள்களின் பங்கைத் தீர்ப்பாயம் வைப்பில் போட்டிருந்தால், படிப்புக்கென்று அதிலிருந்து எடுக்கத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். மனையை விற்கும் முன் அந்த வழியைப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் இஸ்லாமியர். என் தந்தை காலமானபோது எனக்குப் பதினைந்து வயது. பாட்டனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்; தந்தை யாரையும் பொறுப்பாளராக நியமிக்கவில்லை. அதே ஆண்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன், என் தாயார் எனக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டு வீட்டை விற்றுவிட்டார். எனக்கு இப்போது இருபத்து நான்கு. மூன்று வருடக் கெடு முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள்.
— மேலப்பாளையம் வாசகர்

பதில்: தங்களுக்குச் சொல்லப்பட்டது இந்துச் சட்டத்தின் கணக்கு. இஸ்லாமியத் தனிச்சட்டத்தில் மைனரின் சொத்துக்குச் சட்டப்படியான பாதுகாவலர்கள் தந்தை, தந்தை நியமித்தவர், தந்தைவழிப் பாட்டனார், அவர் நியமித்தவர் ஆகியோர்தாம்; நீதிமன்றம் நியமித்தாலன்றித் தாய் அந்த வரிசையில் இல்லை. அந்த வரிசையில் இல்லாதவர் மைனரின் அசையாச் சொத்தை விற்றால் அந்தப் பங்கைப் பொறுத்தவரை விற்பனை தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1918-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்து, இன்றும் அதுவே சட்டமாக இருக்கிறது. செல்லாத பத்திரத்தை நீக்கக் கோரும் மூன்றாண்டு வரம்பு தங்களுக்குத் தடையாகாது. உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் கேட்கும் வழக்குக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். அதில் ஒன்பது கழிந்துவிட்டன. தாயாரின் எட்டில் ஒரு பங்கை அவர் விற்றது செல்லும் என்பதால் வீடு முழுவதையும் கேட்காதீர்கள். உடன்பிறந்த சகோதரிகள் இருந்தால் அவர்களின் பங்கும் இதில் அடங்கியிருக்கிறது. அவர்களையும் வழக்கில் தரப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.